புதுப்பிப்பு: துண்டுகளில் வந்த மக்கல் வாடை போய்விட்டது

ஐப்பசி மழையில் துவைத்த துண்டெல்லாம் ஈரம் பட்டதுமே நாறுகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் வினிகர் ஊற்றி அலசினேன். இரண்டு நாள் தாங்கியது, பிறகு அதே வாடை. பலித்தது, "துணியை விடுங்க, மெஷினைப் பாருங்க" என்ற யோசனைதான். முன்பக்கக் கதவின் ரப்பர் மடிப்பை விரித்தால் கன்னங்கரேலென்று பூஞ்சை. அடியில் கொழகொழவென்று பாப்பாவின் ஒற்றை சாக்ஸ்! (எத்தனை மாதமாகக் கிடந்ததோ.) துடைத்து, ஃபில்டரைக் கழுவி, டிரம்மைக் காலியாக 60 டிகிரியில் ஓட்டினேன். அடுத்து துண்டுகளைச் சலவை சோடாவோடு அதே சூட்டில். வாடை போயே போச்சு.

எதிர்பாராதது: துணி மென்மைக்கு ஊற்றும் கண்டிஷனரை நிறுத்தியதும் துண்டு முன்னைவிட நன்றாக ஈரம் உறிஞ்சுகிறது. சிவப்புத் துண்டு மட்டும் அந்தச் சூட்டில் சாயம் விட்டது.