கலைச்சொல் விவாதம்: துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதைக்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நான் வைத்த கேள்விக்கு இத்தனை பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி: நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில். வெள்ளைவால் மான் வேட்டைக்கு இங்கே நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் உண்டு. என் மகள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துவிட்டு இந்த ஆண்டு முதன்முறையாகப் போகிறாள். பிள்ளைகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் சிலர் கேட்டதால், முதல் ரைபிளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'லோ ரீகாயில் காலிபர்' என்ற தொடரில்தான் மாட்டிக்கொண்டேன். ரீகாயில் என்பது சுட்டதும் துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிப்பது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் என் கேள்வி.

> ரீகாயிலுக்குப் 'பின்னடைவு' போதுமே. புதிதாக எதற்கு?

முதலில் நானும் அதைத்தான் எழுதினேன். அச்சில் பார்த்தபோது சரிப்படவில்லை. பின்னடைவு என்றதும் நமக்குத் தேர்தல் முடிவும் நோயாளியின் உடல்நிலையும்தான் நினைவுக்கு வருகின்றன. 'பின்னடைவு குறைந்த ரைபிள்' என்று எழுதினால் அடிக்கடி பழுதாகாத ரைபிள் என்றுதான் ஒருவர் புரிந்துகொள்வார். பாதுகாப்புக் கையேட்டில் அப்படி ஒரு குழப்பம் கூடாது.

> இலங்கையில் நாங்கள் 'பின்னுதைப்பு' என்று படித்தோம். அழகான சொல்தானே, அண்ணா?

அழகான சொல்தான், தம்பி. இயற்பியலுக்கு அதையே வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து. சுட்டதும் குண்டும் எரிந்த வெடிமருந்தின் வாயுவும் முன்னால் பாய்கின்றன. அவற்றின் உந்தத்துக்குச் சமமான உந்தத்தோடு ரைபிள் பின்னால் வருகிறது. இதைச் சொல்லப் பின்னுதைப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் இதிலிருந்து இன்னும் நாலைந்து சொல் பிறக்க வேண்டியிருக்கிறது. 'குறைபின்னுதைப்புத் தோட்டா' என்று சுடுதளத்தில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கல்லூரியில் என்சிசியில் இருந்தவர்களுக்கு 'த்ரீ நாட் த்ரீ' (.303) ரைபிள் நினைவிருக்கும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார், "கட்டையைத் தோளோட சேர்த்து அணைச்சுப் பிடி, இல்லாட்டி உதைக்கும்" என்பார். இருபத்தைந்து ஆண்டு கழித்து, இங்கே இரவல் வாங்கிய ஒரு .30-06 ரைபிளைச் சுட்டுவிட்டு என் மகள் சொன்னதும் அதே சொல்தான்: "அப்பா, இது உதைக்குது." யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. சொல் ஏற்கெனவே மொழியில் இருக்கிறது. நாம் அதை மதித்து எடுத்துக்கொண்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

ஆகவே என் முன்மொழிவு: உதை. இதிலிருந்து தோளுதை, மென்னுதை, வல்லுதை. 'பின்' என்ற திசை இதில் இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். துப்பாக்கி உதைக்கும் என்றால் எந்தப் பக்கம் என்று பிடித்திருப்பவருக்குச் சந்தேகம் வராது.

தோளுதை தனியாக எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்னுதைப்பு கணக்கில் வருவது. தோளுதை உடம்பு உணர்வது. ஒரே பின்னுதைப்பு உள்ள இரண்டு ரைபிள்கள் ஒரே மாதிரி உதைப்பதில்லை. கட்டையின் நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்தாவிட்டால் கன்னத்தில் இடிக்கும். கட்டையின் முனையில் நல்ல ரப்பர் மெத்தை இருந்தால் அதே தள்ளல் இன்னும் கொஞ்சம் நேரத்துக்கு விரிந்து மெதுவாக இறங்கும். குழல்வாயில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கருவியைப் பொருத்தினால் பின்னுதைப்பே குறையும். ஆனால் சத்தம் கூடிவிடும். பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் கெடுதல். பிள்ளைகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

> 'காலிபர்' என்றால் குழல்விட்டம். இதில் என்ன சிக்கல்?

சிக்கலே இங்கேதான், ஐயா. .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற மூன்று தோட்டா வகைகளிலும் குண்டின் விட்டம் ஒன்றே: 0.308 அங்குலம். ஆனால் மேக்னத்தின் உதை .308-ன் உதையைவிட வெகு அதிகம். இன்னொரு பக்கம், 1955-ல் வந்த .243 வின்செஸ்டர் அதே .308-ன் கூட்டை, அதாவது மருந்தை அடைத்திருக்கும் உலோக உறையை, கழுத்தில் ஒடுக்கிச் செய்ததுதான். கூடு ஒன்று, விட்டம் வேறு, உதையும் வேறு. வேட்டைக்காரர்கள் பேச்சில் காலிபர் என்றால் பெரும்பாலும் முழுத் தோட்டாவின் வகையைத்தான் சொல்கிறார்கள். 'குறைந்த உதை உள்ள குழல்விட்டம்' என்று மொழிபெயர்த்தால் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், பொருள் தப்பாகிவிடும்.

விட்டத்தையே குறிக்கும் இடங்களும் உண்டு, அங்கே குழல்விட்டம் இருக்கட்டும். இங்கிலாந்து, வேல்ஸின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் ரைபிளின் விட்டம் 0.240 அங்குலத்துக்கும், குழல்வாய் ஆற்றல் 1,700 அடி-பவுண்டுக்கும் குறையக்கூடாது என்கிறது (மிகச் சிறிய மான் வகைகளுக்குப் பின்னால் தளர்த்தினார்கள்). .243 அந்தக் கோட்டை மயிரிழையில் தாண்டுகிறது.

இதோடு ஒட்டி இன்னொன்று. நம் நாளிதழ்களில் 'தோட்டா பாய்ந்தது' என்கிறார்கள், 'காலித் தோட்டா கிடைத்தது' என்றும் எழுதுகிறார்கள். கையேட்டில் இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறந்து போவது குண்டு. இலங்கை நண்பர்கள் 'ரவை' என்பதையும் கேட்டிருந்தீர்கள். எனக்கும் பிடித்த சொல். ஆனால் தமிழ்நாட்டுக்காரர் கண்ணுக்கு அது உப்புமாவுக்கான ரவையாகத் தெரியும். இந்த ஒரு கையேட்டுக்குக் குண்டு என்றே விடுகிறேன்.

சரி, 'மென்னுதைத் தோட்டா' என்று தோட்டாவுக்கு மட்டும் பெயர் சூட்டலாமா? இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். உதையில் ரைபிளின் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. 3.6 கிலோ ரைபிளில் 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) எடைக் குண்டுள்ள .243 ஏறத்தாழ 12 ஜூல் பின்னுதைப்பு தரும். 140 கிரெய்ன் குண்டுள்ள '6.5 க்ரீட்மோர்' தோட்டா 17 ஜூலை ஒட்டி வரும். 180 கிரெய்ன் .30-06 என்றால் 27 முதல் 30. இப்போது அந்த .243-ஐ 2.7 கிலோ ரைபிளில் போடுங்கள். அதுவும் 16-ஐத் தொட்டுவிடும். பிள்ளைகளுக்கென்று கட்டையைக் குறுக்கிச் செய்யும் ரைபிள்கள் பெரும்பாலும் எடை குறைந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். தூக்க எளிது என்று வாங்கிக் கொடுப்பது தோளில் கூடுதலாக உதைக்கிறது.

அதனால் 'மென்னுதைத் தோட்டா' என்று எழுதும் முதல் இடத்திலேயே, நடுத்தர எடை ரைபிளில் வைத்துச் சொல்வது இது என்று ஒரு வரி சேர்க்கிறேன். ரைபிளும் தோட்டாவும் சேர்ந்ததைச் சொல்லும்போது 'மென்னுதை இணை'. இந்த இரண்டாவது சொல்லை நண்பர்கள் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

> உதை குறைவு என்றால் மான் சாகாமல் காயத்தோடு ஓடாதா? அதற்கு நாம் ஏன் சொல் தேட வேண்டும்?

நல்ல கேள்வி, அம்மா. என் கவலையும் அதுதான். .243-ல் 55 கிரெய்ன் குண்டும் விற்கிறார்கள். அது சிறு விலங்குகளுக்கானது, மானின் விலாவில் பட்டால் மேலேயே சிதறிவிடும். மானுக்கு 90 முதல் 100 கிரெய்ன் வரை, சிதறாமல் விரிந்து உள்ளே இறங்கும் குண்டு வேண்டும். நெருங்கிய தூரத்தில், நுரையீரலுக்கு நேராக அது போதும். என் மகள் அந்த .30-06-ல் இரண்டாவது தடவை சுட்டபோது விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டாள். குண்டு பலகையிலேயே படவில்லை. அந்த இடத்தில் ஒரு மான் நின்றிருந்தால் குண்டு வயிற்றில் பட்டு, நாள் முழுக்கத் துடித்திருக்கலாம். .243-ல் அதே மதியம் ஐந்து குண்டும் ஒரு தட்டுக்குள் விழுந்தன. அந்த வித்தியாசத்தைப் பெற்றோருக்குத் தமிழில் விளங்கவைக்கத்தான் இவ்வளவு பாடு.

அப்படிச் சுடும் முன்பே உடம்பு உதறிக்கொள்வதற்கும் ஒரு சொல் தேவை. 'துணுக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். துணுக்குறுதல் நமக்குப் பழக்கமான சொல்தான், ஆனால் பத்திரிகைத் துணுக்கோடு குழம்புமோ என்று ஓர் ஐயம். 'வெருட்சி' என்று தனிமடலில் ஒருவர் சொன்னார். அது குதிரைக்கும் மாட்டுக்கும் சரி, ஒரு பிள்ளையின் கண் இமைப்பதற்குக் கொஞ்சம் பெரிதாகப் படுகிறது.

மூன்றாம் பக்கத்தின் முதல் வரியை இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: "முதல் முறை சுடுபவருக்கு மென்னுதைத் தோட்டா நல்லது, தோளுதை குறைந்தால் துணுக்கம் குறையும், குண்டு குறியில் விழும்." உரக்கப் படித்துப் பார்த்து, எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறது என்று சொல்லுங்கள். அக்டோபர் முதல் வாரம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்