டுவெல் ஆங்கிளுக்குத் தமிழ்: முட்டுகோணம்?

யாழ்ப்பாணத்திலிருந்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வொக்ஸ்வாகன் பீற்றில் காரின் பழைய பழுதுபார்ப்புக் கையேட்டில் எரிபற்றல் (இக்னிஷன்) பகுதியைத் தமிழாக்கும் வேலை டுவெல் ஆங்கிளில் (dwell angle) வந்து நிற்கிறது. டுவெல் என்றால் தங்குதல் என்பதால் குழுமத்தில் முன்மொழியப்பட்ட 'தங்குகோணம்' எனக்கு ஒப்பவில்லை. எது தங்குகிறது, எங்கே தங்குகிறது? ஆங்கிலச் சொல்லே விளக்கமற்றது. அதை அப்படியே பெயர்த்தால் மயக்கமும் கூடவே வந்து சேரும். ஜெர்மன் கையேடு இதை ஷ்லீஸ்விங்கல் என்கிறது. மூடும் கோணம் என்று பொருள். கார் செய்தவர்கள் காரியத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் காரியத்திலிருந்தே தொடங்குவோம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி மின்னைப் பகிரும் டிஸ்ரிபியூற்றருக்குள், நான்கு சிலிண்டருக்கு நான்கு மேடுகள் கொண்ட கேம் சுழல்கிறது. ஒரு சுற்று 360 பாகை. ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் 90 பாகை. அந்தத் தொண்ணூறில், மின்சுற்றை இணைத்தும் துண்டித்தும் விடும் உலோக முனைகளான பொயின்ற் இரண்டும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்கும் பங்குதான் நாம் பெயர் தேடும் கோணம். பீற்றிலுக்கு அது 44 முதல் 50 பாகை வரை. தொட்டிருக்கும்போது கொயிலின் முதற்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலம் சேர்கிறது. விலகும் கணத்தில் புலம் சரிய, துணைச்சுருளில் உயர் மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் பொறி பாய்கிறது. கோணம் குறைந்தால் புலம் சேர நேரம் போதாது. வேகமெடுக்கும்போது பொறி மெலியும். மிகுந்தால் பொயின்ற் போதிய அளவு விலகாமல் தீய்ந்துபோகும்.

'பொயின்ற் இடைவெளி' என்றே எழுதிவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதக்கூடாது. இடைவெளி 0.4 மில்லிமீற்றர், எஞ்சின் நிற்கும்போது, கேமின் மேட்டு உச்சியில், பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டைச் செருகிப் பார்ப்பது. புதிய பொயின்றுக்கு அது சரி. ஓடித் தேய்ந்த பொயின்றில் ஒரு முகம் குழிந்திருக்கும், எதிர்முகத்தில் ஒரு முளை கிளம்பியிருக்கும். கேஜ் அந்த முளையில் தட்டி நின்று, 0.4 இருக்கிறது என்று பொய் சொல்லும். உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிது. எஞ்சின் ஓடும்போது கோணத்தை அளக்கும் மீற்றருக்கு இந்த ஏமாற்று இல்லை. தவிர, கேமில் உரசும் பொயின்றின் குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், கோணம் கூடும், பொறியும் பிந்தும். கோணத்தை முதலில் சரிசெய், பொறி நேரத்தைப் பிறகு வை என்ற ஒழுங்கு இதனால் வந்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்தப் பக்கமே விளங்காது.

பொறி நேரம் என்றதும் இந்த ஊரில் மண்ணெண்ணெய் நினைவுக்கு வராமல் இராது. 1990களில் எரிபொருள் வரத் தடை இருந்த காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, குறைவு. அதனால் எஞ்சின் தட்டும். டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பிப் பொறியைப் பிந்தவைத்தால் தட்டுதல் தணியும். எந்தக் கையேடும் சொல்லித்தராத இதைக் காதாலேயே பழகிய மெக்கானிக்குகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு முதலில் அவர்களுக்குத்தான், கல்லூரி மாணவருக்கு அடுத்தபடி. (பீற்றில் அந்நாளில் இன்னும் பெருகியிருக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆவலாதி. காற்றால் குளிரும் எஞ்சின். சுண்ணாம்புக் கற்பாறையிலிருந்து ஊறும் நம் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றரில் ஊற்றிப் படிவு சுரண்டும் வேலையே இல்லை.)

அந்த மெக்கானிக்குகள் பொயின்ற் 'முட்டுகிறது', 'முட்டவில்லை' என்றுதான் பேசுவார்கள். முட்டுதல் இங்கே தொடுதல். அடுப்பில் கை முட்டாதே என்று குழந்தைக்குச் சொல்கிறோம். எனவே முட்டுகோணம். பொயின்றை முட்டுமுனை என்றும், அதன் இடைவெளியை முனையிடைவெளி என்றும் வைத்தால் மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

ஜெர்மனைப் பின்பற்றி 'மூடுகோணம்' என்று வைக்கலாம் என்பவர்களுக்கு: மூடிய குழாயில் தண்ணீர் வராது, மூடிய கதவால் ஆள் போக முடியாது. மூடிய மின்சுற்றில் மட்டும் மின் ஓடும். பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படித்தவருக்கு இது பழகிவிட்டது. படிக்காதவர், மூடியிருக்கும்போது மின் நிற்கிறது என்றே எண்ணுவார். ஒரு பக்கத்தை விளக்க இன்னொரு பக்கம் எழுத வேண்டிவரும்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நரம்புக்கும் எலும்புக்கும் அன்றைக்கே சொல் கண்ட ஊரில், பொயின்றுக்கு இன்னும் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

*

கோயம்புத்தூரிலிருந்து

ஐயா, வணக்கம். என் கொட்டகையில் நிற்பது பழைய டீசல் பென்ஸ். அதில் டிஸ்டிரிபியூட்டரும் கிடையாது, பாயிண்டும் கிடையாது. அதனால் இந்த வழக்கில் எனக்குச் சொந்த லாபம் எதுவும் இல்லை.

'மூடுகோணம்' வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் முட்டுகோணம் எங்கள் பக்கம் செல்லாது. இங்கே முட்டுவது கிடா. அல்லது சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்போம். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, பொருளே தலைகீழாகிவிடுகிறது. கேமின் மேடு வந்து முட்டும்போதுதான் பாயிண்ட் விலகுகிறது. எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் முட்டுகோணம் எவ்வளவு என்று கேட்டால், பாயிண்ட் விலகியிருக்கும் நாற்பது சொச்சம் பாகையைத்தான் சொல்வார்.

தொடுமுனை, தொடுகோணம் என்று வைத்தால் இரு கரையிலும் விளங்குமே? திரவம் கண்ணாடியைத் தொடும் கோணத்துக்கும் இயற்பியலில் அதே பெயர், குழம்பும் என்பீர்கள். கார் பழுதுபார்க்கும் இடத்தில் பரப்பிழுவிசையை யார் அளக்கிறார்கள்?

*

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, பரப்பிழுவிசை வாதத்தை நான் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தாலும் உங்கள் பதிலே போதும். என் தயக்கம் வேறு. அதே பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது: பொயின்றின் முகத்தில் விரல் படக்கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை எரிந்து மின்னைத் தடுக்கும். இதை 'தொடுமுனையைத் தொடாதீர்கள்' என்று எழுதிப் பாருங்கள். 'முட்டுமுனையைத் தொடாதீர்கள்' என்பதில் அந்த இடறல் இல்லை.

மேடு முட்டுவது பற்றி நீங்கள் சொன்னது கனமானது. தலைகீழாக வாசிக்க இடம்தரும் சொல்லை அப்படியே விடமுடியாது. மேட்டுக்கு வேறு வினை கொடுத்துவிடுகிறேன்: மேடு உந்தும், முனை முட்டும். பக்கம் முழுவதும் இந்த ஒழுங்கு மாறாது. சொல் முதலில் வரும் இடத்தில் வரையறையும் சேரும். உங்கள் தொடுகோணம் சொல்லடைவில் இணைச்சொல்லாக நிற்கும். தமிழ்நாட்டுப் பதிப்பு வந்தால் அதையே முன்னிறுத்துங்கள், நான் மறுக்கமாட்டேன்.

திருத்திய பகுதி இது:

"முனையோடு முனை முட்டியிருக்கும்போது கேம் சுழலும் அளவே முட்டுகோணம். அது 44 முதல் 50 பாகைக்குள் இருக்க வேண்டும். கூடினால் முனையிடைவெளியை அகலமாக்குக, குறைந்தால் ஒடுக்குக. முட்டுகோணம் சரியான பிறகே பொறி நேரத்தை வைக்கவும்."

அடுத்த சிக்கல் வால்வு. ஜெர்மனில் அதன் இடைவெளி வென்ரில்ஷ்பீல். ஷ்பீல் என்றால் ஆட்டம். ஸ்ரியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று நாமும் சொல்கிறோம். ஆனால் 'வால்வு ஆட்டம் 0.15 மில்லிமீற்றர் வைக்கவும்' என்று எழுதினால் வால்வு கழன்றுவிட்டதென்று பயந்து எஞ்சினை இறக்கிவிடுவார்கள். டீசல் பென்ஸிலும் வால்வு உண்டு, ஐயா. இந்த வழக்கில் நீங்களும் ஒரு கட்சிக்காரர்.