உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறதென்றால் நீரின் பங்கு என்ன?

கேள்வி:

தூய நீர் மின்சாரத்தைக் கடத்தாது, அதில் கரைந்துள்ள உப்புகளே கடத்துகின்றன என்று படித்திருக்கிறேன். ஆனால் உலர்ந்த உப்பில் இரு மின்முனைகளைச் செருகினாலும் மின்னோட்டம் பாய்வதில்லை. தனித்தனியே கடத்தாத இரண்டும் சேர்ந்ததும் கடத்துகின்றன என்றால், அங்கே உண்மையில் நகர்வது எது? சர்க்கரையும் நீரில் நன்றாகக் கரைகிறதே, சர்க்கரைக் கரைசல் மட்டும் ஏன் கடத்துவதில்லை? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:

உலர்ந்த உப்பிலும் சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் (அயனி என்பது மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி) இருக்கின்றன; கரைக்கும்போது அவை புதிதாகத் தோன்றுவதில்லை. படிகத்துக்குள் ஒவ்வோர் அயனியும் தன் இடத்தில் கட்டுண்டு கிடப்பதால் நகர முடிவதில்லை, அவ்வளவுதான். நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் கொண்டவை என்பதால், நீர் மூலக்கூறுகள் இருவகை அயனிகளையும் சூழ்ந்துகொண்டு படிகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றன. வெற்றிடத்தில் இரு மின்னூட்டங்களுக்கிடையே உள்ள ஈர்ப்பு, நீருக்குள் ஏறத்தாழ 80இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், பிரிந்த அயனிகள் எளிதில் மீண்டும் ஒட்டிக்கொள்வதில்லை. நீரின் பங்கு இதுவே, இது சிறிய பங்கன்று.

மின்முனைகளை வைத்ததும் சோடியம் எதிர்மின்முனையை நோக்கியும் குளோரைடு நேர்மின்முனையை நோக்கியும் நகர்கின்றன. செப்புக் கம்பியில் செல்வதுபோல எலக்ட்ரான்கள் நீருக்குள் செல்வதில்லை. சர்க்கரையோ முழு மூலக்கூறாகவே கரைகிறது. அதற்கு நிகர மின்னூட்டம் இல்லாததால் எந்த முனையும் அதை இழுப்பதில்லை.

மின்சாரம் பாய்ச்சாதபோதும் கரைசலில் அயனிகள் பிரிந்தே இருக்கின்றன என்ற கருத்தை 1880களில் ஸ்வான்டே அரேனியஸ் முன்வைத்தபோது பலர் ஏற்கத் தயங்கினர். 1903இல் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

மறுமொழி 2:

மேலே உள்ள விளக்கம் சரியே. ஆனால் "தூய நீர் கடத்தாது" என்பதை "மிகமிகக் குறைவாகக் கடத்தும்" என்று திருத்திக்கொள்ள வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளில் ஒன்று, தானாகவே ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிந்திருக்கும். அதனால்தான் முற்றிலும் தூய்மையாக்கிய நீருக்கும் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமென்ஸ் கடத்துதிறன் எஞ்சுகிறது. குடிநீரில் இது பெரும்பாலும் சில நூறு மைக்ரோசீமென்ஸ். கடல்நீரில் ஏறக்குறைய 50,000.

அந்தக் கீழ் எல்லையைத் தொடுவது எளிதன்று. காற்றுப்பட வைத்த தூய நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாகிவிடுவதால், கடத்துதிறன் சிறிது நேரத்திலேயே பல மடங்கு உயர்ந்துவிடும். இத்தகைய தடைகளையெல்லாம் மீறி, நீரை மீண்டும் மீண்டும் வடித்து 1894இல் அந்த எல்லையை நெருங்கிய பிரெட்ரிக் கோல்ராஷின் உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். மின்முனைகளில் நிகழும் வேதி மாற்றங்கள் அளவீட்டைக் கெடுக்காதிருக்க, மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு அளக்கும் முறையையும் அவரே வளர்த்தெடுத்தார்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. அயனிகள் நகர்ந்து சென்றுதான் மின்னோட்டம் உண்டாகிறதென்றால், அவை மிக விரைவாக நகர வேண்டுமே?

மறுமொழி 3:

இல்லை, அவை வியக்கத்தக்க அளவுக்கு மெதுவாகவே நகர்கின்றன. சென்டிமீட்டருக்கு ஒரு வோல்ட் மின்புலத்தில் சோடியம் அயனி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான் கடக்கும். ஆனாலும் மின்புலம் கரைசல் முழுவதும் நொடிப்பொழுதில் பரவிவிடுவதால், எல்லா இடங்களிலும் உள்ள அயனிகள் ஒரே சமயத்தில் நகரத் தொடங்குகின்றன. ஓர் அயனி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதில் ஹைட்ரஜன் அயனி, அதாவது புரோட்டான், தனித்து நிற்கிறது. அதன் வேகம் சோடியத்தைப் போல ஏழு மடங்கு. வரிசையாக நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, ஒரு நீர் மூலக்கூறு பெற்ற புரோட்டானுக்குப் பதிலாகத் தன் புரோட்டான் ஒன்றை ஹைட்ரஜன் பிணைப்பின் வழியே அடுத்த மூலக்கூறுக்குத் தள்ளிவிடுகிறது. இத்தகைய கைமாற்றத்தை 1806இலேயே வேதியியலாளர் குரோட்டஸ் கருதிப்பார்த்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. ஆக, அமிலக் கரைசலில் நீர் வெறும் ஊடகமன்று, கடத்தலில் நேரடியாகவே பங்கேற்கிறது.

மறுமொழி 4:

இதைப் படிப்பவர்கள் காய்ச்சி வடித்த நீர் பாதுகாப்பானது என்று எண்ணிவிடக் கூடாது. கை பட்டவுடனேயே தோலின் உப்புகள் அதில் கரைகின்றன. நனைந்த தோலின் மின்தடையும் பெரிதும் குறைந்துவிடுகிறது. நன்னீர் கடல்நீரைவிடக் குறைவாகக் கடத்துவதும் பாதுகாப்பன்று. நம் உடல் அந்த நீரைவிட நன்றாகக் கடத்துவதால், நீருக்குள் மின்கசிவு இருக்கும்போது மின்னோட்டம் உடலின் வழியே செல்ல வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நீரில் மின்கசிவு இருக்குமென்ற ஐயம் எழுந்தாலே, முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். அதுவரை யாரையும் மீட்பதற்காகக்கூட அந்த நீரில் இறங்காதீர்கள்.