நைஃப் எட்ஜில் அசையாமல் நின்ற இம்பெல்லர் ஓடும்போது ஏன் ஆடுகிறது?

லேத்பட்டறை:
பழைய புளோயர் இம்பெல்லர் (காற்றைத் தள்ளும் பிளேடு வைத்த சக்கரம்) ஒன்று வேலைக்கு வந்தது. அகலமான டிரம் மாதிரி, ஷாஃப்டோடு 42 கிலோ, மோட்டார் 1440 ஆர்பிஎம். தேய்ந்த பிளேடுகளை மாற்றிவிட்டு நைஃப் எட்ஜில், அதாவது கத்தி விளிம்பு மாதிரியான இரண்டு மட்டமான தண்டவாளத்தில், ஷாஃப்டை வைத்து உருட்டிப் பார்த்தேன், விட்ட இடத்தில் அப்படியே நின்றது. ஆனால் மாட்டி ஓட்டினால் தரையே அதிர்கிறது. கடைசியில் பேலன்சிங் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோனோம். இரண்டு ஸ்டாண்டிலும் இருந்த ரோலர்மேல் ஷாஃப்டைக் கிடத்தி, பெல்ட் போட்டு, வெள்ளி டேப் ஒரு துண்டு ஒட்டி, 400 ஆர்பிஎம்மில் கொஞ்ச நேரம் சுற்றவிட்டார்கள். இடப்பக்கம் 38 கிராம் 130 டிகிரி, வலப்பக்கம் 36 கிராம் 308 டிகிரி என்று ஸ்கிரீனில் வந்தது. நான் பார்த்தது தப்பா? எங்கே எவ்வளவு என்று மெஷினுக்கு எப்படித் தெரிகிறது? 400-இல் பார்த்தது 1440-க்குச் சரியாக வருமா?

சுழலி:
நீங்கள் பார்த்தது தப்பில்லை, நைஃப் எட்ஜுக்குத் தெரிவது அவ்வளவுதான். அந்த இரண்டு எண்களையும் பாருங்கள்: 130-க்கு நேர் எதிர் 310, உங்களுடையது 308. கிட்டத்தட்ட ஒரே எடை, ஒன்று இந்த முனையில் மேலே, இன்னொன்று அந்த முனையில் கீழே. நின்றுகொண்டிருக்கும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடும், மிச்சம் 2 கிராம் சொச்சம்தான். சுற்றும்போதோ ஒரு முனை ஒரு பக்கமும் மறுமுனை எதிர்ப்பக்கமும் இழுக்கும். எடை வைக்கும் ஆரம் 280 மி.மீ. என்று வைத்தால் 1440-இல் 38 கிராம் ஏறக்குறைய 25 கிலோ விசையாகிறது, அதுவும் நொடிக்கு 24 தடவை திசை மாறி. தரை அதிராமல் என்ன செய்யும்?

மெஷின் எடையைப் பார்ப்பதில்லை, அதிர்வைத்தான் பார்க்கிறது. ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ஒரு சென்சார். டேப்பைப் பார்க்கும் லைட் சென்சார் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு கொடுக்கும். பெல்ட், பேரிங், பக்கத்து லேத்தின் அதிர்வு எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு, சுற்றுக்கு ஒருமுறை வரும் அதிர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் அளவிலிருந்து கிராம் வரும். டேப் துடிப்புக்கும் அதிர்வின் உச்சிக்கும் உள்ள இடைவெளியிலிருந்து டிகிரி வரும்.

ஒரு சிக்கல், வலப்பக்க எடை இடது ஸ்டாண்டையும் ஆட்டும். தண்டில் மூட்டையை மாட்டி இருவர் தூக்கினால், மூட்டை யார் பக்கம் நெருங்கி இருக்கிறதோ அவர் தோளில் பாரம் அதிகம், அதே கணக்குதான். இரண்டு தோளின் பாரமும் தூரங்களும் தெரிந்தால் எந்த மூட்டை எவ்வளவு என்று பிரித்துவிடலாம். ஓட்டுவதற்கு முன்னால் அவர்கள் அளவு டேப் பிடித்து மூன்று நீளமும் இரண்டு ஆரமும் அளந்து தட்டியிருப்பார்களே, இதற்காகத்தான்.

பிட்டர்55:
அப்படி அளவு மட்டும் கொடுத்தால் போதும் என்பது ஹார்டு பேரிங் மெஷினில், தம்பி. ஸ்டாண்டு விறைப்பாக இருக்கும், விசையையே நேரடியாக அளக்கும். எங்கள் காலத்து சாஃப்ட் பேரிங்கில் ரோட்டார் (சுற்றும் பாகம்) ஊஞ்சல் மாதிரித் தொங்கும், ஒவ்வொரு புது ரோட்டாருக்கும் தெரிந்த எடையை ஒட்டி ஓட்டிப் பார்த்துத்தான் மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஊஞ்சலின் இயல்பான அதிர்வெண்ணைத் தாண்டி ஓடுவதால் கனமான பக்கம் உள்ளே ஒடுங்கி, லேசான பக்கம்தான் வெளியே தள்ளும். சாக்பீஸ் பிடித்தால் கோடு விழும் இடத்தில் கனம் இல்லை, எதிரில்தான்.

400 பற்றி: கிராம் பெருக்கல் மில்லிமீட்டர் என்பது வேகத்தைப் பொறுத்தது இல்லை, விசைதான் வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஆகவே உங்கள் டிரம் மாதிரி வளையாத ரோட்டாருக்கு 400 போதும். பெரிய டர்பைன் ரோட்டார் ஓடும்போதே வளையும், அது வேறு கதை.

லேத்பட்டறை:
நன்றி அண்ணா. எடை வைத்ததும் இரண்டு பக்கமும் 2 கிராமுக்குக் கீழே வந்தது, போதும் என்றார்கள். அது போதுமா? கொண்டுவந்து மாட்டினேன், நிறையக் குறைந்துவிட்டது, ஆனாலும் லேசாக ஒரு நடுக்கம் இருக்கிறது.

சுழலி:
போதும். புளோயருக்கு ஐஎஸ்ஓ தரத்தில் ஜி 6.3 என்ற பேலன்ஸ் அளவைப் பார்ப்பார்கள். 9549 என்ற மாறிலியை 6.3-ஆலும் 42-ஆலும் பெருக்கி 1440-ஆல் வகுங்கள், சுமார் 1755 கிராம் மி.மீ. வரை மிஞ்சலாம். பாதிப் பாதியாகப் பிரித்து 280-ஆல் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு 3 கிராம்.

பிட்டர்55:
அப்படியானால் மிச்ச நடுக்கத்துக்குப் புல்லியைப் பாருங்கள். பேலன்ஸ் செய்யும்போது ஷாஃப்டின் கீவேயில், அதாவது புல்லியைப் பூட்டும் கீ என்ற கட்டை உட்காரும் பள்ளத்தில், என்ன வைத்தார்கள்? காலியாக விட்டிருந்தால் அந்தப் பள்ளத்துக்கும் சேர்த்து எடை கொடுத்திருப்பார்கள், இங்கே வந்து கீ போட்டதும் அது கூடுதல். ஷாஃப்டின் பள்ளத்தை மட்டும் நிரப்பும் அரைக் கீ வைத்து ஓட்டுவதுதான் வழக்கம். மாட்டியிருக்கும் கீ புல்லிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் வம்புதான். ஒருமுறை எங்கள் ஆள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்த கீயை வைத்துக்கொண்டு மூன்று நாள் இம்பெல்லரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஃபவுண்டேஷன் போல்ட்டையும் பாருங்கள்.

லேத்பட்டறை:
கீ நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது, ஒரு அங்குலம் இருக்கும். நாளைக்கு வெட்டிவிட்டுச் சொல்கிறேன்.