ஷாக்கிள் போல்ட்டை உருவினால் புஷ்ஷே இல்லை: டிராவல் டிரெய்லர் சஸ்பென்ஷன் மாற்றும்போது கண்டவை

#1
இரட்டை ஆக்சில், இரண்டு முனையிலும் கண் (போல்ட் நுழையும் வளையம்) வைத்த ஸ்பிரிங் பட்டை, நடுவில் ஈக்வலைசர் (முன், பின் பட்டைகளுக்கு இடையே பாரத்தைப் பங்குபோடும் இணைப்பு). எல்லாருக்கும் தெரிந்த அமைப்புதான். வெட் போல்ட் (உள்ளே கிரீஸ் போக வழியுள்ள போல்ட்) கிட் மாட்டப் பிரித்த டிரெய்லர் அது. ஈக்வலைசரின் நடு போல்ட்டை உருவினால் கூடவே புஷ் (போல்ட்டைச் சுற்றி உட்காரும் உறை) வரவில்லை, வெள்ளை நைலான் தூள்தான் கொட்டியது. போல்ட்டின் ஒரு பக்கத்தில் நகம் போய் உட்காரும் அளவுக்குப் பள்ளம். ஹேங்கர் (ஃபிரேமில் பற்றவைத்த தாங்கி) துளை முட்டை வடிவம். நட்டோ கெட்டியாகவே இருந்தது. வெளியிலிருந்து பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

கம்பெனி போல்ட்டில் கிரீஸ் போக வழி கிடையாது. மாற்றியது: நிப்பிள் (கிரீஸ் கன் மாட்டும் முனை) வைத்த 9/16 அங்குல போல்ட் 14, பட்டையையும் ஈக்வலைசரையும் இணைக்கும் ஷாக்கிள் தகடு அரை அங்குலத் தடிமனில் 8 (பழையது கால் அங்குலம்), வெண்கலப் புஷ். பட்டைக் கண்களுக்கு மட்டும் 8 புஷ். ஈக்வலைசருக்கு எத்தனை என்று கையில் இருக்கும் ஈக்வலைசரைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். புஷ்ஷைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், வாய் பிதுங்கிவிடும். வைஸில் நேராக வைத்து அழுத்தினால் தானாக இறங்கும்.

#2
வெட் போல்ட் மாட்டினால் வேலை முடிந்தது என்கிற தொனி இருக்கிறதே, அங்கேதான் சிக்கல். இதே கிட் மாட்டிய ஒரு டிரெய்லரில் கிரீஸ் கன்னை மூன்று தடவை அழுத்தியாயிற்று. தகட்டு ஓரத்தில் ஒரு சொட்டு வரவில்லை, எல்லாம் நிப்பிளைச் சுற்றிப் பிதுங்கியது. காரணம், போல்ட்டின் பக்கவாட்டில் இருக்கும் கிரீஸ் துளை பாரம் அழுத்தும் பக்கமாகத் திரும்பியிருந்தது. புஷ்ஷின் சுவரே அதை அடைத்துக்கொண்டது. துளை கடிகாரத்தில் 3 மணி அல்லது 9 மணிப் பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே போய்விட்டால் தெரியாது; அதனால் செருகுவதற்கு முன்பே போல்ட் தலையில் அரத்தால் ஒரு கோடு. இது ஒரு நிமிஷ வேலை.

#3
#2 சொன்ன கோடு சரி. ஆனால் அந்தக் கோடு இடம் மாறாமல் இருக்க வேண்டுமே! தலைக்கு அடியில் இருக்கும் பற்கள் துளையைக் கடித்துக்கொண்டு நிற்பதற்காக வைத்தவை. இம்பாக்ட் கன்னைத் தலையில் வைத்துச் சுற்றிய ஒரு டிரெய்லரில் ஹேங்கருக்குக் கீழே சுருள் சுருளாக இரும்புச் சீவல் கிடந்தது. பற்கள் துளையை வழித்துவிட்டன. அப்புறம் அந்த போல்ட் ஒவ்வொரு குலுங்கலுக்கும் சுற்றும், துளை பெரிதாகும்.

தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். 30 முதல் 50 அடி-பவுண்டு போதும். கெட்டியாக இருக்கட்டும் என்று இன்னொரு இழுப்பு இழுத்தால் தகடு கண்ணை நெரித்து, ஷாக்கிள் ஆடாது. லாக் நட்டை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் அரை அங்குல யூ போல்ட்டுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு. நாலு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக. சக்கரம் கழற்றியிருந்தால் 10, 25, 50 மைலில் நின்று சக்கர நட்டைத் திரும்ப இறுக்குங்கள்.

ஜாக்கி பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆக்சில் குழாய்க்கு அடியில் ஜாக்கி வைக்காதீர்கள், வளைந்துவிடும். ஃபிரேமில்தான் வைக்க வேண்டும், ஸ்டாண்டும் ஃபிரேமுக்கே. கிரீஸ் அடிக்கும்போதும் ஃபிரேமைத் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால் நன்றாகப் பரவும்.

#4
போல்ட் கிடக்கட்டும். தடித்த பட்டை மாட்டிய டிரெய்லருக்குள்ளே போய்ப் பாருங்கள். பயணம் முடிந்து கதவைத் திறந்தால் தரையில் எட்டு திருகுகள், அலமாரிக் கதவு ஒற்றைக் கீலில் தொங்குகிறது. பட்டை வாங்காத அதிர்ச்சியை ஃபிரேமும் மரச்சட்டமும் வாங்கும். பாரம் கூட ஏற்றலாம் என்ற கணக்கும் தப்பு: ஆக்சில், டயர், ரிம், பட்டை நான்கில் எது மெலிந்ததோ அதுதான் வரம்பு. குலுங்கலைக் குறைக்க வேண்டுமானால் ரப்பர் வைத்த ஈக்வலைசர். அல்லது பட்டையே வேண்டாமென்று டார்ஷன் ஆக்சில் (பட்டைக்குப் பதிலாகக் குழாய்க்குள் இருக்கும் ரப்பர் அதிர்ச்சியை வாங்கும்).

#5
டார்ஷன் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அதில் இரண்டு ஆக்சிலுக்கும் இடையே பாரத்தைப் பங்குபோட ஈக்வலைசர் கிடையாது. மூக்கு தூக்கிய நிலையில் இழுத்து வந்த ஒன்றில் பின் டயரைத் தொட்டால் கை சுட்டது, முன் டயர் வெதுவெதுப்போடு சரி. ஹிட்ச் (இழுக்கும் வண்டியில் டிரெய்லரை மாட்டும் இடம்) உயரத்தைச் சரிசெய்து டிரெய்லரை மட்டமாக நிறுத்த முடியாதென்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

#6
#1-க்கு: அந்த முட்டைத் துளை ஹேங்கரை என்ன செய்தீர்கள் என்று எழுதவே இல்லையே. வாஷர் போட்டு மறைத்த ஒன்றைப் பார்த்தாயிற்று, மறுபடியும் அதே தூள்தான், இந்த முறை வெண்கல நிறத்தில்.

#1
அறுத்து எடுத்துவிட்டுப் புது ஹேங்கர் வெல்டிங். பேட்டரி இணைப்பைக் கழற்றி, பிரேக் ஒயரை ஒதுக்கிக் கட்டிய பிறகுதான் பற்றவைப்பு. முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, கப்ளர் (ஹிட்ச்சில் மாட்டும் டிரெய்லர் முனை) நடுவிலிருந்து முன் ஆக்சிலின் இரண்டு நுனிக்கும் டேப் பிடித்தோம். இடப்பக்கம் கால் அங்குலம் கூட. தட்டிச் சரிசெய்து, இரண்டும் ஒன்றாக வந்த பிறகே முழு வெல்டிங்.