மூன்று மணி நேரக் கல்யாணக் கேசட்டுக்கு ஒரு டிவிடி போதுமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
1994இல் நடந்த என் அக்காவின் கல்யாண வி.எச்.எஸ். கேசட்டைக் கடையொன்றில் கொடுத்து டிவிடியாக மாற்றினேன். மூன்று மணி நேரமும் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிட்டது. தாலி கட்டும் காட்சியில் குறையொன்றும் இல்லை. ஆனால் செண்டை மேளத்தோடு மாப்பிள்ளையை அழைத்து வருகையில் பூத்தூவும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கேசட்டில் அப்படி இல்லை. இரண்டு டிஸ்க்காகக் கேட்டிருக்க வேண்டுமா?

செங்கோட்டைவாசி:
தேவையில்லை, தம்பி. 4.7 ஜிபி டிஸ்க்கில் மூன்று மணி நேரத்தை அடைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 3.5 மெகாபிட்தான் கிடைக்கும். ஒலிக்குப் போக மிஞ்சியதை 720×576 புள்ளிகளுக்குப் பங்கிட்டதே கடைக்காரர் செய்த பிழையாக இருக்க வேண்டும். வி.எச்.எஸ்.ஸில் படத்தின் முழு அகலத்துக்கும் சுமார் 320 புள்ளிகளுக்கு மேல் விவரமே கிடையாது. டிவிடி விதிகள் 352×576 அளவையும் அனுமதிப்பதால், பாதி அகலத்தில் மாற்றினால் ஒவ்வொரு புள்ளிக்கும் இரட்டிப்புப் பங்கு கிடைக்கும்.

நகரி எல்லையோரம்:
அண்ணா, உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் பழைய கேசட்டின் கிரெயின்ஸை, அதாவது படமெங்கும் மினுக்கும் பொடிப் புள்ளிகளை, கணக்கில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். டிவிடிக்காகப் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறை, படத்தின் ஒவ்வொரு கட்டமும் முந்தைய படத்தில் எங்கிருந்தது என்று தேடி, மாறிய பகுதியை மட்டுமே எழுதி வைக்கிறது. உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது அருமையாகப் பொருந்தும். ஆயிரம் மல்லிகைப்பூக்கள் ஆயிரம் திசையில் விழும்போது தேடியது எதுவும் கிடைக்காது. கிரெயின்ஸும் படத்துக்குப் படம் மாறுவதால் அதையும் பூவென்றே எண்ணிப் பிட்டுகளைச் செலவழிக்கும். கைவசம் தீர்ந்ததும் தோராயமாக எழுதத் தொடங்கும், அப்போதுதான் கட்டங்களின் ஓரம் தெரிகிறது. டிஸ்க்குக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7 மெகாபிட் கிடைக்குமே!

செங்கோட்டைவாசி:
குப்பையைச் சுமக்க இரண்டாவது வண்டி எதற்கு? மாற்றும் முன்பே ஃபில்டர் போட்டுக் கிரெயின்ஸைக் குறைத்துவிடலாம். அளவு மீறக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; எங்கள் வீட்டுப் பால்காய்ச்சு கேசட்டுக்கு அப்படி மீறிப் போட்டதில், அத்தையின் முகம் மெழுகுப் பொம்மையாகிப் பட்டுச்சேலையின் ஜரிகையும் மங்கிப்போயிற்று.

நகரி எல்லையோரம்:
ஜரிகை போகும் ஃபில்டரில் பூவிதழ் மட்டும் தப்புமா, அண்ணா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கணினியில் பார்த்தேன், கடைக்காரர் 720×576 அளவில்தான் மாற்றியிருக்கிறார். ஒன்றுவிட்ட அண்ணனிடமிருந்து விசிஆர் வாங்கி, முதலில் கணினியில் DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் பதிவு செய்தேன். மணிக்கு சுமார் 13 ஜிபி வீதம் 40 ஜிபி ஆயிற்று, அதை அழிக்கப் போவதில்லை. பூத்தூவும் நான்கு நிமிடத்தை மட்டும் இரு விதமாகவும் மாற்றி டிவியில் போட்டேன். பாதி அகலத்தில், இலேசான ஃபில்டரோடு, கட்டங்கள் மறைந்துவிட்டன. பூக்கள் மட்டும் வெள்ளைத் தீற்றலாகத் தெரிகின்றன. 7 மெகாபிட்டில் ஒவ்வொரு பூவும் தனியாக விழுகிறது. ஆனால் சரிபாதியில் பிரித்தால் தாலி கட்டும் நேரத்தில் டிஸ்க் மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு அம்மா ஒப்பவில்லை. முகூர்த்தம் முடிந்த பிறகு, 1 மணி 50 நிமிடத்தில், வெட்டப் போகிறேன்.