மண்சாலை மேற்பரப்புக்கு கிராவல்: என்ன சோதனை கேட்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

சாலைமேற்பார்வை (கேள்வி)

தார் போடாத சாலை, 4 கி.மீ. நீளம், 6 மீட்டர் அகலம். மேலே கிடப்பது கிரஷரில் உடைத்த கருங்கல் பேஸ் கலவை. ரோலர் ஓட்டி முடித்த அன்று சாலை தரை போல இருந்தது. மழை விட்டு வெயில் ஏறியதும் தகரக் கூரை மாதிரி நெளி நெளியாகிவிட்டது. சக்கரத் தடத்தில் கல் நிற்பதில்லை, உதிர்ந்து ஓரத்தில் வரப்பாகச் சேருகிறது. வண்டி போனால் பின்னால் ஆள் தெரியாத அளவுக்குப் புழுதி.

குவாரி கொடுத்த அறிக்கையில் சல்லடை வழியே போன அளவு இப்படி: 25 மி.மீ.யில் 100%, 19-இல் 88%, 4.75-இல் 44%, 2.36-இல் 33%, 0.425-இல் 20%, 0.075-இல் 5%. பிளாஸ்டிசிட்டி (ஈரத்தில் களி போலப் பிசைந்து ஒட்டும் குணம்) இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் தேய்மானம் (உருளையில் இரும்புக் குண்டுகளோடு சுழற்றினால் கல் எவ்வளவு உடைகிறது என்ற சோதனை) 24%. எல்லாம் 'தேர்ச்சி' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

இப்போது மேலே 100 மி.மீ. புது அடுக்கு போடப்போகிறோம். அதே பொருளை வாங்கினால் அதே கதைதான். என்ன சோதனைகள் கேட்க வேண்டும், எந்த எண்களை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்? பக்கத்தில் ஒரு களிமண் குழி இருக்கிறது: 0.425-இல் 95%, 0.075-இல் 80% போகிறது, பி.ஐ. (பிளாஸ்டிசிட்டி குறியீட்டு எண்) 25. அதைக் கலக்கலாமா, எவ்வளவு?

சல்லடைமேசை

அறிக்கையில் தப்பில்லை சார். கேட்ட பொருளே வேறு. பேஸ் கலவை தாருக்கு அடியில் கிடக்க வேண்டியது. அங்கே தண்ணீர் வடிய வேண்டும், ஈரத்தில் இளகக் கூடாது, அதனால் நுண்துகளைக் குறைத்து, பி.ஐ.யை பூஜ்யத்தை ஒட்டி வைப்பார்கள். அதே கலவையை மேலே திறந்து போட்டால் கல்லைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லை. காய்ந்ததும் சக்கரம் கல்லை உதைத்துத் தள்ளுகிறது, தள்ளிய இடத்தில் பள்ளம், அடுத்த சக்கரம் அதில் துள்ளி இறங்கி மறுபடி தள்ளுகிறது. நெளி விழுவது இப்படித்தான். பிரேக் பிடிக்கும் இடம், வளைவு, ஏற்றம் இவற்றில் முதலில் தெரியும்.

மேற்பரப்பு கிராவலுக்கு நன்றாகப் பழகிப்போன எண்கள் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநில விதிமுறையில் இருக்கின்றன. 19 மி.மீ.யில் 100%, 4.75-இல் 50 முதல் 78, 2.36-இல் 37 முதல் 67, 0.425-இல் 13 முதல் 35, 0.075-இல் 4 முதல் 15, பி.ஐ. 4 முதல் 12. அதே மாநிலத்தின் பேஸ் கலவைக்கு 25 மி.மீ. வரை கல் வரலாம், 0.075-இல் 3 முதல் 12, பி.ஐ. 0 முதல் 6. சல்லடை எண்கள் பெரிதாக மாறவில்லை, கவனியுங்கள். உண்மையான வித்தியாசம் பி.ஐ.யில்தான். உங்கள் பொருளின் 0.075 அளவு 5%. அது மேற்பரப்பு வரம்புக்குள்ளேயே வருகிறது. ஆனால் அந்த 5 சதவீதமும் கல் மாவு. கருங்கல் மாவுக்கு ஒட்டும் குணம் கிடையாது, காய்ந்தால் புழுதியாகப் பறக்கும். அதனால் ஒப்பந்தத்தில் "0.075 மி.மீ. வழியே இத்தனை சதவீதம்" என்று மட்டும் எழுதினால், கிரஷர் தூசியைக் கொட்டியே அந்த எண்ணை நிரப்பிவிடலாம். பி.ஐ.க்குக் கீழ் வரம்பு எழுதியே ஆக வேண்டும். பலரும் மேல் வரம்பை மட்டும் எழுதிவிட்டுக் கீழ் வரம்பை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, அந்த 5% கழுவிச் சலித்ததா, உலர்வாகச் சலித்ததா என்று கேளுங்கள். உலர்ந்த சலிப்பில் களியும் தூசியும் கல்லின் மேல் ஒட்டிக்கொண்டே மேல் சல்லடையில் நின்றுவிடும், எண் குறைத்தே வரும். காயவைத்து எடை போட்டு, 0.075 சல்லடை மேல் தண்ணீர் தெளியும் வரை கழுவி, மறுபடி காயவைத்து எடை போட்டு, அதன் பிறகு சலிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "கழுவிச் சலித்தது" என்ற வார்த்தை இருக்கட்டும்.

மாதிரி எடுப்பது சோதனையைவிட முக்கியம். குவியலின் பக்கச் சரிவில் பெரிய கல் உருண்டு அடியில் சேரும், பொடி உச்சியில் நிற்கும். ஒரே இடத்தில் மண்வெட்டி போட்டால் எந்த முடிவை வேண்டுமானாலும் வரவைக்கலாம். மேல் தோலை ஒதுக்கிவிட்டு அடி, நடு, உச்சி என்று சுற்றிலும் எடுங்கள். முடிந்தால் லோடரைவிட்டுக் குவியலின் உள்ளிருந்து ஒரு சிறு குவியல் எடுத்துக் கொட்டி, தட்டையாக்கி, அதில் எடுப்பது இன்னும் நல்லது. 19 மி.மீ. பொருளுக்குக் களத்தில் குறைந்தது 25 கிலோ. அதை நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே வந்து, சலிக்க 5 கிலோ.

பி.ஐ. சோதனை 0.425 சல்லடையில் இறங்கியதில் மட்டும்தான் செய்வது. அதற்கான மாதிரியை அடுப்பில் 110 டிகிரியில் சுடாதீர்கள், சில களிமண்ணின் குணமே மாறிவிடும். நிழலில் காயவைத்தாலே போதும். களிக்கட்டிகளை உரலில் ரப்பர் உலக்கையால் உடைத்துச் சலிக்கவும். கட்டியாகவே மேல் சல்லடையில் விட்டுவிட்டால் இருக்கும் களியும் கணக்கில் வராது.

தேய்மானம் 24% என்பது நல்ல கல்தான், 40-க்குள் இருந்தாலே ஏற்கலாம். கல்லின் உறுதிக்கும் அது சாலையில் நிற்பதற்கும் சம்பந்தம் குறைவு என்பதற்கு உங்கள் சாலையே சாட்சி.

சுருக்கஅளவு

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பி.ஐ. எண் தனியாக நின்றால் ஏமாற்றும். பி.ஐ. 10 உள்ள துகள் கலவையில் 13% இருப்பதும் 35% இருப்பதும் ஒன்றல்ல. எந்த அளவு களி, அது எவ்வளவு ஒட்டும், இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டி.ஆர்.எச். 20 வழிகாட்டி அதைத்தான் செய்கிறது.

அதில் முக்கியமாக இரண்டு கணக்கு. முதலாவது சுருக்கப் பெருக்கம்: நேர்கோட்டுச் சுருக்கத்தின் (ஈர மண்ணை நீள அச்சில் நிரப்பிக் காயவைத்தால் நீளம் குறையும் அளவின்) சதவீதத்தை 0.425 சல்லடையில் போன சதவீதத்தால் பெருக்குவது. அது 100 முதல் 365-க்குள் இருக்க வேண்டும், புழுதி தொல்லை தரும் இடமென்றால் 240-க்கு மேல் போகாமல் பார்ப்பது நல்லது. 100-க்குக் கீழே போனால் நெளியும் உதிர்வும். 365-க்கு மேலே போனால் மழையில் வழுக்கல். இரண்டாவது தரப்பங்கீட்டுக் கெழு: 26.5 மி.மீ.யில் போன சதவீதத்திலிருந்து 2 மி.மீ.யில் போனதைக் கழித்து, 4.75-இல் போனதால் பெருக்கி, 100-ஆல் வகுப்பது. அது 16 முதல் 34. குறைந்தால் மழை அரித்துக்கொண்டு போகும், கூடினால் கல் உதிரும். இவற்றோடு 95% இறுக்கத்தில் ஊறவைத்த சி.பி.ஆர். (சுமை தாங்கும் திறனைக் காட்டும் எண்) குறைந்தது 15.

உங்கள் பொருளில் 2 மி.மீ. வழியே ஏறக்குறைய 31% போகும் என்று வைத்தால் கெழு (100 − 31) × 44 ÷ 100, அதாவது 30.4. கல்லின் பங்கீடு சரி. சுருக்கப் பெருக்கம்தான் பூஜ்யம்.

களிமண் கணக்குக்கு வருவோம். முதலில் குவாரியில் 19 மி.மீ. சல்லடை மாட்டச் சொல்லுங்கள். மேலே நிற்கும் 12% போய்விட்டால் மற்ற எண்களை 0.88-ஆல் வகுத்துக்கொள்ளலாம்: 4.75-இல் 50, 2-இல் 35, 0.425-இல் 22.7, 0.075-இல் 5.7. பெரிய கல் போவதில் இன்னொரு லாபம், கிரேடர் (சாலையைச் சமன்செய்யும் வண்டி) பிளேடில் கல் மாட்டி இழுபட்டுக் கோடு விழாது.

களியின் பி.ஐ. 25. சோதனை வரும் வரைக்கும் பி.ஐ.யை 2.13-ஆல் வகுத்தால் சுருக்கம் கிடைக்கும், சுமார் 11.7%. எடையில் 6.7% களி கலந்தால் 0.075 அளவு 10.7% ஆகும், பி.ஐ. ஏறக்குறைய 6. தெற்கு டகோட்டா வரம்பில் இது தேறிவிடும். ஆனால் சுருக்கப் பெருக்கம் 0.067 × 95 × 11.7, அதாவது 75-ஐ ஒட்டித்தான். வறண்ட காலத்தில் மறுபடி நெளியும். 10% கலந்தால் 0.075 அளவு 13.1, பி.ஐ. ஏறக்குறைய 8, பெருக்கம் 111, கெழு 32. இரண்டு வரம்பிலும் நிற்கிறது. நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இது காகிதக் கணக்கு, அவ்வளவுதான். 8, 10, 12 சதவீதத்தில் மூன்று சோதனைக் கலவை செய்து, ஒவ்வொன்றுக்கும் சுருக்க அச்சு, பி.ஐ., கழுவிச் சலிப்பு பாருங்கள். பிடித்த கலவை ஒன்றுக்கு மட்டும் புரோக்டரும் (எந்த ஈரத்தில் அதிகம் இறுகும் என்று பார்க்கும் சோதனை) சி.பி.ஆரும் போதும், மூன்றுக்கும் செய்வது வீண் செலவு.

கிரேடர்கை

கணக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாலையில் கலக்கும்போதுதான் கெடும். அதைப் பற்றிச் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன்னால் மேலே கிடக்கும் பழைய கலவையின் கனத்தை 200 மீட்டருக்கு ஒரு குழி போட்டு அளந்துவிடுங்கள். 75 மி.மீ.க்கு மேல் இருந்தால் அதையே கிளறிக் களி சேர்த்துப் பயன்படுத்தலாம், புதுக் கல் பாதியாகக் குறையும். எப்படியானாலும் நெளியின் பள்ளத்துக்குக் கீழே வரை ரிப்பர் போட்டுக் கிளற வேண்டும். மேடு பள்ளத்தின் மேலேயே புது அடுக்கை நிரப்பினால் பள்ளத்தில் கனமாகவும் மேட்டில் மெல்லியதாகவும் இறுகி, அதே இடத்தில் அதே நெளி திரும்ப வரும்.

களிமண் கட்டியாக வந்தால் கலக்காது. நெல்லிக்காய் அளவுக் கட்டி ரோலருக்கு அடியில் தப்பித்து, மழையில் ஊறி, அந்த இடம் சேற்றுக் குழியாகும். குழியிலேயே டிஸ்க் கலப்பை ஓட்டிப் பொடியாக்கி, தொட்டால் ஒட்டாத ஈரத்தில் ஏற்றி வரச் சொல்லுங்கள். முடிந்தால் குவாரியிலேயே கிரஷர் பெல்ட்டில் களியைச் சேர்ப்பது எல்லாவற்றையும்விட மேல், கலவை ஒரே சீராக வரும்.

சாலையில் கலப்பதென்றால் கணக்கு மீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் அகலம், 100 மி.மீ. கனம், உலர் அடர்த்தி கனமீட்டருக்கு 2.1 டன் என்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.26 டன். அதில் 10% என்றால் 126 கிலோ உலர்ந்த களி. களியில் 15% ஈரம் இருந்தால் 145 கிலோ. அப்படியானால் 10 டன் டிப்பர் ஒன்று கிட்டத்தட்ட 69 மீட்டருக்கு. சாலையோரம் 69 மீட்டருக்கு ஒரு முளை அடித்துவிட்டால் ஓட்டுநர் தடுமாற மாட்டார். கிராவலைப் பரப்பி, மேலே களியைப் பரப்பி, பிளேடால் வரப்பாக்கி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் புரட்ட வேண்டும். நிறம் ஒன்றாகும் வரைக்கும், பெரும்பாலும் நான்கைந்து முறை. கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை.

தண்ணீரைப் புரட்டும்போதே தெளிக்க வேண்டும், இறுக்கும்போது மேலே ஊற்றினால் தோல் மட்டும் நனையும். உகந்த ஈரத்துக்கு ஒரு சதவீதம் முன்பின் இருக்கலாம். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. உலர்வாகப் பரப்பினால் டிப்பர் கொட்டும்போதே கல்லும் பொடியும் பிரிந்துவிடும்.

குறுக்குச் சரிவு 4%. உங்கள் அகலத்துக்கு நடு, ஓரத்தைவிட 12 செ.மீ. உயரம். நடுவே தட்டையாக விட்டால் தண்ணீர் தேங்கி, களி சேர்த்ததே வினையாகும். இதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: ஏற்பு மாதிரி சாலையில் பரப்பிக் கலந்த பிறகு, இறுக்குவதற்கு முன் எடுக்கப்படும். குவாரி அறிக்கை உத்தேசத்துக்கு மட்டும். பணம் எடைக்கென்றால் உலர் எடைக்கு என்று எழுதவும். மழைநாளில் ஈரமும் சேர்ந்து எடைமேடையில் ஏறும்.

களத்தில் ஆய்வுக்கூடம் இல்லாதபோது ஒரு சோதனை: 0.425 சல்லடையில் இறங்கியதை நனைத்துக் கோலிக்குண்டு அளவில் உருட்டி வெயிலில் காயவையுங்கள். இரு விரலில் நசுக்கியதும் மாவாகப் போனால் ஒட்டு இல்லை. அழுத்தி உடைக்க வேண்டியிருந்தால் களி இருக்கிறது. இதை வைத்து ஏற்கவோ நிராகரிக்கவோ கூடாது. ஆய்வுக்கூடத்துக்கு எந்த லோடை அனுப்புவது என்று முடிவெடுக்க உதவும்.

சாலைமேற்பார்வை

மூவருக்கும் நன்றி. 19 மி.மீ. சலித்த கிராவலில் 10% களி சேர்த்துப் பார்த்தோம். 0.425-இல் 29%, 0.075-இல் 13%, பி.ஐ. 8. ஆனால் அச்சில் அளந்த சுருக்கம் 3.4% தான், பெருக்கம் 98.6 வருகிறது. 12%-க்குப் போகலாமா?

சுருக்கஅளவு

அளந்த எண்தான் பேசும், 2.13 வாய்பாடு உத்தேசம்தான். உங்கள் களிக்கு ஒவ்வொரு சதவீதமும் பெருக்கத்தில் 9.8 சொச்சம் கூட்டுகிறது. 12% போட்டால் பெருக்கம் 118, ஆனால் 0.075 அளவு 14.6-ஐத் தொடும். கலக்கும்போது ஒரு சதவீதம் கூடிப்போனாலே 15-ஐத் தாண்டிவிடும். இலக்கை 11%-இல் வையுங்கள். பெருக்கம் 108, நுண்துகள் 14-க்குள். களத்தில் 10-ஆகக் குறைந்தாலும் பெருக்கம் 100-ஐ ஒட்டியே நிற்கும், 12-ஆகக் கூடினாலும் நுண்துகள் 15-க்குள்தான், சாலை தாங்கும். ஒப்பந்தத்தில் களியின் சதவீதத்தை எழுதாதீர்கள், குழியின் அடுத்த அடுக்கில் பி.ஐ. மாறிவிடும். சுருக்கப் பெருக்கம் 100 முதல் 240, 0.075 அளவு 15-க்கு மேல் போகக் கூடாது என்று எழுதிவிட்டு, சதவீதத்தைக் களத்தில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கிரேடர்கை

11% என்றால் மீட்டருக்கு ஈரக் களி 160 கிலோ. முளையை 62 மீட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தம் 4 கி.மீ.க்கு 640 டன் களி. குழியில் அவ்வளவு ஒரே தரமாக இருக்கிறதா என்று நாலு மூலையிலும் தோண்டிப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள்.